ட்ரோம்சோவில் எங்களுக்கு உதவிய அக்காவுக்கு

கொழும்பிலிருந்து வடதுருவ ஒளி பார்க்கப் புறப்பட்ட எங்களுடைய குளிர் உடுப்புகள் அடங்கிய பெட்டி, விமானம் மாறிய இடத்திலேயே தங்கிவிட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஏறக்குறைய 69 பாகையில் இருக்கும் நோர்வேயின் ட்ரோம்சோ நகருக்கு வெளியே, வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கே சால்வை தேடும் அம்மா மெல்லிய கம்பளிச் சட்டையோடு நடுங்கி நின்றதைக் கண்டு, நாங்கள் கேளாமலே அருகில் வந்து தமிழில் பேசினீர்கள், அக்கா.

உங்கள் காரில் இருந்த மேலங்கியை அவருக்கு அணிவித்து, கம்பளிக் காலுறையும் மாட்டிவிட்டு, முகில் விலகும்வரை காருக்குள் இருத்தித் தேநீர் கொடுத்தீர்கள். குளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடும் என்று என் கைபேசியை உட்பையில் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் தெரிந்ததை நாங்கள் முகில் என்றே விட்டிருப்போம். ஒளி மங்கலாக இருக்கையில் கண்ணுக்கு நிறம் தெரியாது, கமராவுக்குத் தெரியும் என்றீர்கள். பின்னர் அது பச்சையாகத் திரண்டு அசைந்தபோது, சூரியனிலிருந்து வரும் துகள்களின் தூண்டுதலால் 100 கிலோமீற்றருக்கும் மேலே ஒட்சிசன் உமிழும் நிறம் அது என்று அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினீர்கள். (நீங்கள் ஆசிரியராகத்தான் இருப்பீர்கள் என்பது அம்மாவின் கணிப்பு.)

மேலங்கியைத் திருப்பி அனுப்ப முகவரி கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். நோர்வேயில் இருக்கும் உறவுகள் எவரேனும் இவரை அறிந்திருந்தால் இப்பதிவைக் காட்டுங்கள். கொழும்புக்கு வரும்போது எங்கள் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் போகக்கூடாது என்று அம்மா சொல்லச் சொன்னார்.