ஜன்னல் வரை வந்த கோடை

எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊன்றுகோலோடு நேராகத் தோட்டத்துக்குத்தான் போனேன். ஆறு வாரம் கழித்து என் காலால் நடந்து போய்ப் பார்க்கிறேன், ஒரு செடிகூட வாடவில்லை. அங்கே நின்றபோதே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லப் போனால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுத்தில்.

கோடை தொடங்கிய முதல் வாரம் அது. விடிகாலையில் தண்ணீர் ஊற்றப் போனவன் ஈரக் கல்லில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பு முறிந்தது. வலி பெரிதில்லை. வருஷம் முழுக்க நான் காத்திருப்பது இந்த ஆறேழு வாரங்களுக்குத்தான். வெயில் ஏறுமுன் வெறுங்காலில் ஈரமண், கொடியில் முதல் பூ, சாயங்காலம் வயல்பக்கம் ஒரு நடை. இந்த வருஷம் அத்தனையும் போயிற்று என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டவர்கள் எதிர்வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும். "சுவரைப் பார்த்தா கால் ஆறுமா?" என்று கேட்டார் அக்கா. அதோடு விடவில்லை. மறுநாள் காலையிலிருந்து பூவாளியும் அவர் கைக்குப் போய்விட்டது. வெயில் ஏறிய பிறகு ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி வீணாகும், ராத்திரியில் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். ஆறு வாரமும் சூரியன் எழும் நேரத்தில், இலையில் படாமல், வேரடியில் மட்டும் ஊற்றினார். அதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டு, இரண்டாவது கணு வரை ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஈரம் இருந்தால் அந்தச் செடியைத் தாண்டிவிடுவார். என் தோட்டத்தை நானே இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை அக்கா.

மேலத்தெருப் பெரியவருக்கு என் வணக்கம். ஒரு சுமை வைக்கோல் கொண்டுவந்து நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டார். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும் என்று ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஒரு சாண் இடம் விட்டார். அதற்கப்புறம் தினமும் ஊற்ற வேண்டியிருந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியபோது ஆளாளுக்கு மருந்தடிக்கச் சொன்னார்கள். அவர் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். அதன் மேல் முதலைக்குட்டி போல ஒரு பூச்சி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி. பார்த்தால் நசுக்கத்தான் தோன்றும். "இதுதான் பொறிவண்டோட குஞ்சு. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கு, விட்டுடு" என்றார். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையை நசுக்கியிருப்பேனோ, நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. பத்து நாளில் கொடி சுத்தமாகிவிட்டது.

இனி பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண்ணுக்கு. ஒன்பது வயது. இந்த மடலை அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

பூசணியில் முதல் ஒரு வாரம் ஆண் பூவாகவே வரும். அப்புறம்தான் பெண் பூ, அடியில் கோலிக்குண்டு அளவுக் குட்டிக் காயோடு. அது விரிந்திருப்பது ஒரே ஒரு காலைதான், உச்சிக்குள் சுருங்கிவிடும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் காய் மஞ்சளாகி விழுந்துவிடும். நாலு காய் அப்படி விழுந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் தேனீ வரத்து அந்த வாரம் குறைவு. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆண் பூவைக் காம்போடு பறி, இதழை உரி, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவு.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்புமுன் ஓடி வந்தாள். கொடிக்குள் குனிந்தவள் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. அப்புறம் ஜன்னல் கம்பிக்குள் விரலை நீட்டிக் காட்டினாள். நுனியெல்லாம் மஞ்சள். மூக்கிலும் கொஞ்சம். "இது போதுமா?" என்றாள். மூன்றாம் நாள் அந்தக் காய் விழவில்லை, தலையைக் கீழே சாய்த்துப் பருக்க ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வரவில்லை. இப்போது கொடியில் ஏழு காய். அதில் ஒன்றின் பிஞ்சுத் தோலில் நகத்தால் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறாள். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் கூடவே பெருத்து, இப்போது தெருவிலிருந்தே படிக்கலாம்.

அந்த ஜன்னலோரத்தில் எனக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. பூசணி விரிந்தால் விடியல். பத்துமணிப் பூ விரிந்தால் வெயில் ஏறியாயிற்று; மேகம் மூடினால் அது விரியாது, அன்றைக்கு என் கடிகாரமும் ஓடாது. அந்திமந்தாரை மலர்ந்தால் மாலை நாலு மணிவாக்கு. மல்லிகை மொட்டு இருட்டும் நேரத்தில் கட்டவிழ்ந்தால் ஒரு நாள் முடிந்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும் என்று 1751இல் பட்டியலே போட்டிருக்கிறார். நம் மொழியில் பத்துமணி, அந்தி என்று பூவின் பெயருக்குள்ளேயே நேரத்தை வைத்துவிட்டார்கள். இந்தக் கடிகாரத்துக்கு ஆறு வாரம் சாவி கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

வயல்பக்கம் பார்க்காமல் நான் ஏங்கிப்போவேன் என்று தெரிந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துக் குளக்கரைக்குக் கூட்டிப்போன நண்பருக்கு நன்றி. கரையில் புல் அறுத்துப் போட்டிருந்தார்கள், அந்தப் பச்சை வாசனையிலேயே பாதி உடம்பு தேறியது. தண்ணீருக்கு மேல் தும்பிகள் ஒரே இடத்தில் நின்று நின்று பறந்தன. அவற்றின் குஞ்சுகள் தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து கொசுப்புழுவைத் தின்னும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வார்த்தை பேசாமல் என் கட்டுக்காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். இருட்டியதும் மின்மினிகள் வந்தன. நாங்கள் கிளம்ப வெகுநேரம் ஆயிற்று.

தக்காளிப் பூங்கொத்துகளைக் காலை வேளையில் விரலால் சுண்டிவிட்டுப் போன கல்லூரித் தம்பிக்கும் நன்றி. அந்தப் பூவில் தூள் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் உதிரும். தச்சுத் தேனீ தன் ரீங்காரத்தாலேயே அந்த வேலையைச் செய்துவிடும். இந்த வருஷம் அதுவும் நீயுமாகச் செய்தீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாலாவது வாரம் ஒரு மதியம், கோடை மழை கொட்டித் தீர்த்தது. சாரல் அடிக்கும் என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். மழை விட்டதும் அக்கா ஒரு கிண்ணத்தோடு உள்ளே வந்தார். அதில் ஒரு பிடி ஈர மண், ஒரு மண்புழுவும் சேர்ந்து வந்திருந்தது. "வாசனை போயிடும், சீக்கிரம் பிடி" என்றார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாசனை அது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். மண்புழுவை அவரே திரும்பக் கொண்டுபோய் மூடாக்குக்கு அடியில் விட்டார்.

நாளையிலிருந்து பூவாளி என்னிடம் வந்துவிடும் அக்கா, கொஞ்சம் தூங்குங்கள். அந்திமந்தாரை விதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், மிளகு மாதிரி கறுப்பாக இருக்கும். வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று மடித்து வாசல் கதவில் பையில் தொங்கவிட்டிருக்கிறேன். ராத்திரி ஊறவைத்து, விரல்கணு ஆழத்தில் போடுங்கள். பூசணியைப் பறிக்கும் நாளைக் குட்டிப் பெண்தான் முடிவு செய்வாள். அவள் சொன்னதும் எல்லோரையும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
ஜன்னலோரத்துக்காரன்