சுஷில்குமாருக்காகக் கொதித்த நண்பனுக்கு

மாப்ளே முருகேசா,

பதில் போடவில்லை என்று திட்டாதே, நீ கேட்டது ஒற்றை வரியில் முடிகிற கேள்வியா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சீரியல் வில்லியின் மூக்குத்திகூடத் தெரிகிறதாம்.

சரி, மல்யுத்த வீரர் சுஷில்குமார் விஷயம். குற்றம் நிரூபணமாகாத ஆளுக்குக் கொடுத்த ஜாமீனை எப்படிப் பிடுங்கலாம் என்கிறாய். 2012 லண்டன் வெள்ளிக்கு ஹாஸ்டலையே எழுப்பியவன் நீ, கொதிக்காமல் என்ன செய்வாய்! ஆனால் 2025 ஆகஸ்ட் 13இல் ஜாமீனை ரத்து செய்த உச்ச நீதிமன்றம் அவரைக் கொலைகாரன் என்று சொல்லவில்லைடா. மார்ச்சில் ஜாமீன் கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்றுதான் சொன்னது. வெளியே வந்தவன் வாலாட்டினால் ரத்தாவது ஒரு வகை, உத்தரவே கோணல் என்று மேல்கோர்ட் தள்ளுவது வேறு வகை.

2021 மே மாதம் சத்ரசால் ஸ்டேடியத்தில் அடிபட்டு இறந்த பையனும் மல்யுத்த வீரன்தான், ஜூனியரில் தேசிய சாம்பியன். அவனைக் கொன்றதாகத்தான் சுஷில் மேல் வழக்கு. அப்புறம் இவர் தலைமறைவு, பிடியாணை, துப்புக் கொடுத்தால் பரிசு என்று போலீஸ் அறிவிப்பு, மூன்றாவது வாரத்தில்தான் சிக்கினார். இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அண்ணன் வெளியே நடமாடினாலே போதும், மிரட்டவே வேண்டாம், மல்யுத்தக்காரப் பையன் எவன் கூண்டேறி வாய் திறப்பான்? பல சாட்சிகள் ஏற்கெனவே சொன்னதை மாற்றிப் பிறழ்ந்துவிட்டதாக இறந்தவனின் அப்பா தரப்பு சொன்னது. மேல்முறையீடு போட்டதே அந்த அப்பாதான்.

மறுநாளே இன்னொரு கொலை வழக்கில் சிக்கிய கன்னட நடிகர் தர்ஷனின் ஜாமீனும் உச்ச நீதிமன்றத்தில் இதேபோல போனது, அமர்வில் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி மகாதேவன் இருந்தார்.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்றரை வருஷம் உள்ளே வைத்தும் விசாரணை நகரவில்லை என்றால் அது அசிங்கம்தான். பெயரில்லாதவன் இதேபோல உள்ளே கிடந்தால் நீயும் நானும் மெசேஜ்கூடப் போட்டிருக்கமாட்டோம், அது தனி வயிற்றெரிச்சல்.

வக்கீலான என்னிடம் ஒரு அம்மா வருகிறார். மகனைக் கொன்றதாக வழக்கில் இருப்பவன் ஜாமீனில் வந்து இவர் தெருமுனைக் கடையிலேயே டீ குடிக்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை, சும்மா பார்க்கிறான். பார்த்தான் என்று மனுவில் எப்படி எழுதுவது, சொல்? நேரில் கண்ட பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே எனக்கு ஞாபகமில்லை என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஜாமீன் ரத்து மனு போடுகிறேன். தள்ளுபடியானால் "அப்பவே சொன்னேனே" என்று மெசேஜ் போடாதே, நேரில் வந்து சண்டை போடு.

உன்,
பாண்டி