கொர்னீலியாவில் நிற்காத படகுக்குக் கட்டணம் பெற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலாவில் குடும்பத்துடன் வந்த பயணி,
சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
சுற்றுலாவை ஏற்பாடு செய்த பயண நிறுவனம்,
சென்னை.

பொருள்: இத்தாலியின் சின்குவே தெர்ரே கடற்கரையில் ஒருநாள் படகுச் சுற்றுலா என்று கட்டணம் பெற்று, ரயிலில் அழைத்துச் சென்றதும், முதியவரைப் படியேற வைத்ததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஜூன் மாதம் உங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்த மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலாவில் நானும் என் கணவரும், 72 வயதான என் மாமியாரும், எங்கள் பிள்ளைகள் இருவரும் வந்திருந்தோம். கப்பலைப் பற்றி எங்களுக்குக் குறை ஏதுமில்லை. அக்கப்பல் லா ஸ்பெட்சியா துறைமுகத்தில் நின்ற நாளில், கப்பல் கட்டணத்தில் சேராமல் நீங்கள் தனியாகப் பணம் பெற்று நடத்திய சின்குவே தெர்ரே சுற்றுலாவைப் பற்றியதே இந்தக் கடிதம். ஆளுக்கு 14,500 ரூபாய் வீதம் ஐந்து பேருக்கு 72,500 ரூபாயைப் புறப்படுவதற்கு முன்பே செலுத்திவிட்டோம். கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் சேரலாமா என்று நாங்கள் கேட்டபோது, அதைவிட உங்களுடையது செலவு குறைந்தது, தமிழ் பேசும் வழிகாட்டி உடன் வருவார், பெரியவர்களுக்கு ஏற்றது என்று சொல்லி எங்களை இதில் சேர்த்தவர் உங்கள் அலுவலக ஊழியர்தான்.

நீங்கள் தந்த பயண விவரத் தாளின் நகலை இணைத்துள்ளேன். லா ஸ்பெட்சியாவில் படகேறி ரியோமஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்சா, மொண்டெரோஸ்ஸோ ஆகிய ஐந்து ஊர்களிலும் இறங்கிப் பார்ப்பது, ரியோமஜோரேவிலிருந்து மனரோலாவுக்குக் கடலோரமாகச் செல்லும் வியா டெல்லமோரே என்னும் பாதையில் நடப்பது, மொண்டெரோஸ்ஸோவில் சைவ மதிய உணவு, படகிலேயே திரும்புவது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. அடியில் தடித்த எழுத்தில், ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, முழங்கால் வலி உள்ளவர்களும் வரலாம் என்றும் போட்டிருக்கிறீர்கள். என் மாமியாருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்ததை முன்பதிவுப் படிவத்திலேயே நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம்.

அன்று காலை துறைமுக வாயிலில் எங்களைச் சந்தித்த வழிகாட்டி, கடல் கொந்தளிப்பாக இருப்பதால் படகு இல்லை, ரயிலில் போகிறோம் என்று அறிவித்தார். அந்தக் கரையில் அலை உயர்ந்தால் படகுகள் ஊர்த்துறைகளை அணைய முடியாமல் சேவையை நிறுத்திவிடுவது வழக்கம் என்பதை நாங்களும் அறிவோம். கடலின் மீது கோபப்படுவதில் பொருளில்லை என்று எண்ணி, எதுவும் பேசாமல் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். அங்கே எங்கள் கையில் ஆளுக்கொன்றாக ரயில் அட்டைகளைக் கொடுத்தார்கள். அந்த அட்டைகளில் அச்சாகியிருந்த தேதியைக் கவனித்தவர் என் கணவர். அவை முதல் நாள் பகலிலேயே வாங்கப்பட்டவை. மறுநாள் காலை கடல் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே, முழுக் குழுவுக்கும் ரயில் அட்டை வாங்கிவிட்டுக் காலையில் கடலைக் காரணம் காட்டியது ஏன் என்பதே இந்தப் புகாரின் முதற்கேள்வி. வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே முடிவெடுத்தீர்கள் என்றால், அன்று மாலையே கப்பலில் எங்களிடம் சொல்லி, வர விருப்பமில்லாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்திருக்க வேண்டும். பிற்பகலில் நாங்கள் மொண்டெரோஸ்ஸோவில் இருந்தபோது பயணிகளுடன் படகுகள் துறைக்கு வந்து சென்றதை எங்கள் குழுவினர் அனைவரும் பார்த்தார்கள். காலையில் இருந்த அலை அதற்குள் தணிந்திருக்கலாம் என்பதால் இதை நான் சான்றாக முன்வைக்கவில்லை. ஆயினும் கையில் படகுச் சீட்டு இருந்திருந்தால் திரும்பும் வழியையாவது கடல் வழியாக மாற்றிக்கொண்டிருக்கலாம். வழிகாட்டியிடம் கேட்டபோது, படகுச் சீட்டு எதுவும் தம்மிடம் தரப்படவே இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

ரயிலும் படகும் ஒரே ஊர்களுக்குத்தானே போகின்றன, இதில் என்ன பெரிய வேறுபாடு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஊர் திரும்பிய பின் நான் முறையிட்டதற்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் தொனியும் அதுவாகத்தான் இருந்தது. லா ஸ்பெட்சியாவிலிருந்து மொண்டெரோஸ்ஸோ வரையிலான ரயில்பாதை பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் ஓடுகிறது. நிலையத்தை ஒட்டிச் சில நொடிகள் கடல் தெரியும், பிறகு மீண்டும் இருள். அந்தக் கரையின் சிறப்பு முழுவதும் தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் புலப்படும். செங்குத்தான மலைச்சரிவில் சாந்து பூசாமல் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள், அவை தாங்கி நிற்கும் திராட்சைத் தோட்டப் படிகள், அவற்றுக்குக் கீழே பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ண வீடுகள் ஆகியவற்றை ஒருசேரக் காண்பதற்காகத்தான் உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் அங்கே வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மனிதர் உழைத்து உருவாக்கிய அந்த நிலத்தோற்றத்துக்காகவே 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இதை உங்கள் விவரத் தாளின் முதல் பக்கத்திலேயே, கடலிலிருந்து எடுத்த புகைப்படத்தின் கீழ், நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தைக் காட்டி விற்றுவிட்டு எங்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பினீர்கள்.

இனி, உங்கள் பயணத் திட்டம் கடல் அமைதியாக இருந்த நாளிலும் நிறைவேறியிருக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் உங்கள் வழிகாட்டியே. ரியோமஜோரேவை அவசரமாகச் சுற்றிக் காட்டிய பின், ரயிலில் வந்ததால் உங்களுக்கு ஒரு நன்மை, படகு நிற்காத கொர்னீலியாவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றார். ஐந்து ஊர்களில் நடுவில் இருக்கும் கொர்னீலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், பாறை முகட்டின் மேல் அமைந்த ஊர். அதற்குப் படகுத்துறை கிடையாது, பயணிகள் படகு அங்கே நிற்பதில்லை. மற்ற நான்கு ஊர்களில்தான் நிற்கும். அந்தப் பகுதிக்கு ஒருமுறை சென்றுவந்த எவருக்கும், படகு நிறுவனத்தின் கால அட்டவணையை ஒரு நிமிடம் புரட்டிய எவருக்கும் இது தெரியும். அப்படியிருக்க, ஐந்து ஊர்களிலும் படகிலிருந்து இறங்குவோம் என்று அச்சிட்டு நீங்கள் பணம் பெற்றது எந்த அடிப்படையில்?

கொர்னீலியாவில் நடந்ததை நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ரயில் நிலையம் கீழே கடலோரத்தில் இருக்கிறது, ஊர் மேலே இருக்கிறது. இரண்டையும் இணைப்பது லார்தரீனா என்னும் செங்கல் படிவழி. முப்பதுக்கும் மேற்பட்ட திருப்பங்களும் ஏறக்குறைய 380 படிகளும் கொண்டது அது. முற்பகல் வெயிலில், நிழல் இல்லாத அந்தப் படிகளின் அடியில் நின்றுகொண்டு, மெதுவாக ஏறி வாருங்கள், காத்திருக்கிறோம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். குழுவிலிருந்து பிரிந்துவிட்டால் கப்பலுக்குத் திரும்ப முடியாமற் போகுமோ என்ற பயத்தில், நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் என் மாமியார் ஏறத் தொடங்கினார். அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. கப்பல் நிறுவனம் தான் நடத்தும் சுற்றுலாக் குழு தாமதமானால் காத்திருக்கும், வெளியார் ஏற்பாட்டில் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது என்பதைக் காலையில் எங்களிடம் பலமுறை எச்சரித்ததே உங்கள் வழிகாட்டிதான். பாதிப் படிகளுக்குள் என் மாமியாருக்கு மூச்சு வாங்கியது, அறுவைச் சிகிச்சை நடந்த காலை மடக்க முடியவில்லை. என் கணவரும் மகளும் இருபுறமும் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். ஊரை நாங்கள் ஐவருமே பார்க்கவில்லை.

அப்போது நிலைய வாசலில் ஒரு சிறிய பேருந்து வந்து நின்றது. நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஓடும் அந்தப் பேருந்தில் ஏற, எங்கள் கையிலிருந்த அதே அட்டை போதும், தனிக் கட்டணம் இல்லை என்று ஓட்டுநர் சொன்னார். நாங்கள் அதை அறிந்த நேரத்தில் குழு இறங்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் பணத்தில் வாங்கிய அட்டையிலேயே அடங்கிய வசதியை, மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவர் குழுவில் இருப்பதாக எழுத்துமூலம் அறிவித்திருந்தும், சொல்லாமல் விட்டதை வானிலையின் கணக்கில் எழுத முடியாது.

இதைவிட வருத்தமானது வியா டெல்லமோரே. 2012ஆம் ஆண்டு பாறை சரிந்து நால்வர் காயமடைந்ததால் நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2024ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறக்கப்பட்ட பாதை அது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நீளம், பெரும்பாலும் சமதளம், ஒருபுறம் முழுவதும் கடல். ஐந்து ஊர்களையும் இணைக்கும் நடைபாதைகளில் என் மாமியார் யாருடைய துணையுமின்றி நடந்திருக்கக்கூடியது அது ஒன்றுதான். அதை நம்பித்தான் அவர் இந்தச் சுற்றுலாவுக்கே சம்மதித்தார். குறிப்பிட்ட நேரத்துக்கு முன்பதிவு செய்தவர்களை மட்டுமே அங்கே அனுமதிக்கிறார்கள். நுழைவாயிலில் இருந்த பணியாளர் முன்பதிவைக் கேட்டபோது வழிகாட்டியிடம் எதுவும் இல்லை. நாங்கள் வாயிற்கதவின் இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். இப்பாதையில் நடக்க முடியாமற் போனதற்கும் கடல் அலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உணவைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. சைவ உணவு என்று உறுதியளித்த இடத்தில் நெத்திலி வைத்துச் சுட்ட ஃபொகாச்சா ரொட்டியைப் பரிமாறினார்கள். மொண்டெரோஸ்ஸோ நெத்திலிக்குப் பேர்போன ஊர்தான், அதில் கடைக்காரர் மேல் தவறில்லை. மேலே இருப்பதை எடுத்துவிட்டுச் சாப்பிடலாமே என்று வழிகாட்டி கூறியதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. அந்தக் கரை அமைந்த லிகூரியா மாநிலத்தில் சைவர்களுக்கு உணவா கிடைக்காது? இரண்டு கடை தள்ளி, கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும் கலந்து சுடும் ஃபரினாட்டாவை எங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிப் பசியாறினோம்.

மனரோலாவிலும் வெர்னாட்சாவிலும் நாங்கள் இறங்கவே இல்லை. ஊர் திரும்பியதும் நான் தொலைபேசியில் முறையிட்டதற்குப் பதிலாக உங்கள் அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சலில், ரயில் ஐந்து ஊர்களிலும் நின்று சென்றதால் பயணத் திட்டம் நிறைவேற்றப்பட்டதாகவே கருதப்படும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கின்படி, எழும்பூரில் ஏறி மதுரையில் இறங்குகிறவர் வழியில் திருச்சி மலைக்கோட்டையையும் பார்த்துவிட்டவர் ஆவார். பயணத் திட்டத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற நிபந்தனையையும் அதே மின்னஞ்சலில் சுட்டியிருக்கிறீர்கள். எதிர்பாராத சூழலில் திட்டத்தை மாற்றுவதற்கு அந்த நிபந்தனை இடம் தரலாம். முதல் நாளே வாங்கிய ரயில் அட்டையையும், செய்யாத முன்பதிவையும், இல்லாத படகுத்துறையையும் அது மூடிமறைக்காது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒப்புக்கொண்டபடி சேவையை வழங்காததைச் சேவைக் குறைபாடு என்றும், இல்லாத வசதியை இருப்பதாகக் காட்டி விற்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் கொள்கிறது. குறை நிகழ்ந்த இடம் இத்தாலியாக இருந்தாலும், நீங்கள் பணம் பெற்றதும் நான் வசிப்பதும் சென்னையில்தான். நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் வழிசெய்திருக்கிறது.

ஆகவே நாங்கள் செலுத்திய 72,500 ரூபாயில், ஐந்து ரயில் அட்டைகளின் மீது அச்சிட்டுள்ள விலையை மட்டும் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் ரயிலில் சென்றது உண்மை, ஆகையால் அதற்குரியதை நீங்கள் எடுத்துக்கொள்வது முறையே. ஊர் திரும்பிய பின் என் மாமியாரின் காலுக்குச் செய்த இயன்முறைச் சிகிச்சைக்கான ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையை நான் கோரவில்லை, நடந்தது என்ன என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே அனுப்புகிறேன். ரயில் அட்டைகளை வாங்க முடிவெடுத்தவர் யார், எப்போது, படகுக்கும் வியா டெல்லமோரேவுக்கும் எந்தக் கட்டத்திலாவது முன்பதிவு செய்யப்பட்டதா என்பவற்றுக்கு எழுத்துமூலம் பதில் வேண்டும். கொர்னீலியாவைப் படகுப் பயணத்தில் சேர்த்திருக்கும் அந்த விவரத் தாள் இன்றும் உங்கள் இணையதளத்தில் அப்படியே இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களும் வரலாம் என்ற வரியும் இருக்கிறது. அடுத்த குழு புறப்படுவதற்கு முன்பு அவ்விரண்டையும் நீக்குங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பணமும் பதிலும் வந்து சேரவில்லை எனில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். எங்களோடு வந்த வேறு சில குடும்பத்தினரும் தங்கள் ரயில் அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், சாட்சியம் அளிக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பயண விவரத் தாள், கட்டண ரசீது, முன்பதிவுப் படிவம், ரயில் அட்டைகள், உங்கள் அலுவலக மின்னஞ்சல், சிகிச்சை ரசீது ஆகியவற்றின் நகல்கள்.