வீடியோ கால்ல பல்லைக் காட்டுறதுக்கு முன்னாடி நோயாளிக்கு யாராச்சும் சொல்லித் தரணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

நான் தேனி மாவட்டம் வருசநாடு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பட்டா சிட்டா பிரிண்ட்டு, பிள்ளைங்களுக்கு ஹால் டிக்கெட்டு, பணம் அனுப்புறதுன்னு எல்லாத்துக்கும் நம்ம கடைக்குத்தான் வருவாங்க, கொரோனாவுக்கு அப்புறம் ஆன்லைன்ல டாக்டரைப் பாக்கவும் வர ஆரம்பிச்சிட்டாங்க. அதுலயும் பல் வலிக்குன்னு வர்றவங்கதான் எனக்குத் தெரிஞ்சு ஜாஸ்தி. காய்ச்சல் சளின்னா பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, பல்லுன்னா எக்ஸ்ரே மிஷின் இருக்குற டாக்டர்ட்ட போகணும், அதுக்கு தேனிக்கு பஸ் ஏறணும், போக வர ஒரு நாள் கூலி போயிரும். அதனால ஜனங்க போன்ல பாத்துக்கலாம்னு நினைக்கிறது நியாயம்தான். ஆனா அது எப்படி நடக்கும், நம்ம என்ன சொல்லணும், எதுவரைக்கும் அதை நம்பலாம்னு யாருமே சொல்லித் தரல, அதை எங்கம்மா விஷயத்துல நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

எங்கம்மாவுக்கு வயசு 63, சுகர் இருக்கு, இருதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட்னு சின்னக் குழாய் வச்சிருக்கு, ரத்தம் கட்டாம இருக்க தினமும் மாத்திரை போடுறாங்க. போன மார்கழில ஒரு ராத்திரி பல் வலி தாங்க முடியாம எந்திரிச்சு உக்காந்துட்டாங்க, படுத்தா வலி கூடுது, உக்காந்தா கொஞ்சம் தேவலைங்கிறாங்க, கிராம்பு எண்ணெய் தடவி ஈறு வெந்ததுதான் மிச்சம். மறுநாள் காலையில போன்ல விளம்பரம் வந்த ஒரு ஆப்ல 399 ரூபா கட்டி வீடியோ கால் போட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் எந்தப் பக்கம் வலிக்குதுன்னு கேட்டாரு, அம்மா இடது பக்கம் கீழ கடவாப்பல்லைக் காட்டினாங்க, வாயைத் திறங்கன்னாரு, எங்க வீட்டு டியூப் லைட் வெளிச்சத்துல கருப்பா ஒரு குழிதான் தெரிஞ்சிருக்கும், சரி மாத்திரை அனுப்புறேன்னு சொல்லி நாலு நிமிஷத்துல கட் பண்ணிட்டாரு. அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக், கூட வலி மாத்திரை. வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, என்ன வியாதி இருக்கு, அலர்ஜி உண்டான்னு ஒரு வார்த்தை கேக்கல. சீட்டுல டாக்டர் பேரு மட்டும்தான் இருந்துச்சு, அவரோட பதிவு நம்பரே இல்ல.

மெடிக்கல்ல இருக்குற தம்பிதான் சீட்டைப் பாத்துட்டு, "அக்கா, அம்மா ஸ்டென்ட் வச்சவங்கல்ல, அந்த மாத்திரையோட இந்த வலி மாத்திரையும் சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வர வாய்ப்பிருக்கு, டாக்டர்ட்ட சொன்னீங்களா"ன்னு கேட்டான். அவன் மட்டும் அன்னைக்கு லீவு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் பகீர்னு இருக்கு.

அப்புறம் தேனில கிளினிக் வச்சிருக்குற ஒரு பல் டாக்டரம்மா, எங்க ஊரு ஸ்கூலுக்கு கேம்ப் வந்தவங்க, அவங்க நம்பருக்கு மெசேஜ் போட்டேன். அவங்க பாத்த விதத்தை கொஞ்சம் விவரமாவே எழுதுறேன், ஏன்னா ஒழுங்கா நடந்தா இது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. கால் பண்றதுக்கு முன்னாடியே கேள்வியா அனுப்பிட்டாங்க. வலி எத்தனை நாளா இருக்கு, பச்சைத் தண்ணி பட்டா சுருக்குன்னு வந்து உடனே போயிருதா இல்ல ரொம்ப நேரம் நிக்குதா, கடிச்சா வலிக்குதா, ராத்திரி தூக்கத்துல எழுப்புதா, கன்னம் வீங்கிருக்கா, காய்ச்சல் இருக்கா, வாயை முழுசா திறக்க முடியுதா, சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு போட்டோ, ஸ்டென்ட் வச்சப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு ஒரு போட்டோ. அதுக்கப்புறம்தான் பல்லு போட்டோவே கேட்டாங்க.

போட்டோ எடுக்குறதும் லேசுல வரல. அம்மாவை வாசப்படில வெளிச்சத்தைப் பாத்து உக்கார வச்சு, சில்வர் ஸ்பூன் காம்பை கன்னத்துக்குள்ள விட்டு ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தங்கச்சி அவ போன்ல டார்ச் அடிக்க, நான் பின்பக்க கேமராவுல எடுத்தேன். முதல் நாலஞ்சு போட்டோ உதடு பளிச்சுன்னு இருக்கு, பல்லு மங்கலா இருக்கு. கிட்ட கொண்டு போகாதீங்க, ஒரு அடி தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க, அம்மாவை மூக்கால மூச்சு விடச் சொல்லுங்க, இல்லன்னா லென்ஸுல ஆவி படிஞ்சிரும்னு டாக்டரம்மா சொன்னப்புறம்தான் தெளிவா வந்துச்சு. நம்மளே செல்ஃபி எடுத்தா பின்பல்லு வரவே வராதுங்க, கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

பெறகு வீடியோவுல வந்து, அதே ஸ்பூன் காம்பால ஒவ்வொரு பல்லா மெதுவா தட்டச் சொன்னாங்க. அம்மா கைகாட்டின கீழ்ப்பல்லைத் தட்டினேன், ஒண்ணுமில்லங்கிறாங்க. மேல கடைசிக்கு முந்தின பல்லைத் தட்டினதும் என் கையைத் தட்டிவிட்டு கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரே பக்கத்துல மேல்பல்லு வலி கீழ்ப்பல்லு வலி மாதிரி தெரியும், நோயாளி காட்டுற பல்லை வச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாது, நானும் இங்கருந்து இதுதான் பல்லுன்னு சொல்ல மாட்டேன், எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும், நாளைக்கு கூட்டிட்டு வாங்கன்னாங்க. வீக்கமும் காய்ச்சலும் இல்லாததால ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பல்லுக்குள்ள நரம்பு வீங்கி வர்ற வலிக்கு அது கேக்காதுன்னாங்க. பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல போகக்கூடாது, இருதய மாத்திரையை நீங்களா நிறுத்திறாதீங்கன்னு ரெண்டு தடவை அழுத்திச் சொன்னாங்க, ஏன்னா பல்லு புடுங்கப் போறோம்னு சொல்லி தானாவே அந்த மாத்திரையை நிறுத்துறவங்க நிறைய பேராம், அது பெரிய ஆபத்தாம்.

மறுநாள் எக்ஸ்ரேல பாத்தா மேல்பல்லுதான், ரெண்டு பல்லு இடுக்குல சொத்தை, வெளிய இருந்து எந்த போட்டோவுக்கும் தெரியாத இடம். அந்த ஆப் மாத்திரையை வாங்கிப் போட்டுட்டு இருந்திருந்தா ஒரு வாரம் போயிருக்கும், பல்லும் போயிருக்கும். பல்லுக்குள்ள நரம்பை எடுத்து அடைக்குற ரூட் கேனால் பண்ணாங்க, நடுவுல எப்படி இருக்குன்னு பாக்குறதுக்கு வீடியோவுலயே பாத்துட்டு, தற்காலிகமா அடைச்ச சிமெண்ட் அப்படியே இருக்கு, ஈறு நல்லாருக்கு, அடுத்த வாரம் வந்தா போதும்னாங்க, ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

நான் சொல்ல வர்றது இதுதாங்கய்யா. போன்ல பல்லை அடைக்க முடியாது, புடுங்க முடியாது, எக்ஸ்ரே எடுக்க முடியாது. போன்ல முடியுறது, எவ்வளவு சீக்கிரம் போகணும், எங்க போகணும், போற வரைக்கும் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு சொல்றது. அது சின்ன விஷயம் இல்ல, எங்கள மாதிரி தூரத்துல இருக்குறவங்களுக்கு அதுதான் பாதி வைத்தியம். ஆனா நோயாளி நினைக்கிறது வேற, மாத்திரை வந்தாச்சு, வைத்தியம் முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறாங்க, மாத்திரையில வலி அடங்குனதும் பல்லை மறந்துடுறாங்க, மூணு மாசம் கழிச்சு கன்னம் வீங்கி வந்து நிக்கிறாங்க.

நேரத்துக்கு ஒரு போன் போட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கும் ஒண்ணு சொல்றேன். எங்க தெருவுல எட்டு வயசுப் பையன் சைக்கிள்ல இருந்து விழுந்து முன்பல்லு முழுசா வேரோட வெளிய வந்துருச்சு. அவங்கம்மா பால்பல்லுதானன்னு கூரையில போடப் போயிட்டாங்க. நான் போட்டோ எடுத்து அதே டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன், இது நிலைப்பல்லு, வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க, மண்ணு போக லேசா தண்ணி ஊத்திட்டு அந்தக் குழியிலயே திருப்பி வைங்க, பயமா இருந்தா டம்ளர் பால்ல போட்டு உடனே கிளம்புங்க, பால்பல்லா இருந்தாத்தான் திருப்பி வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. டீக்கடைல பால் வாங்கி டம்ளர்ல போட்டு, பஸ்ஸுக்கு நிக்காம கார் பிடிச்சுப் போனாங்க. அரை மணி நேரத்துக்குள்ள வச்சா நல்லதாம், எங்களுக்கு தூரம் ஜாஸ்தி, இருந்தும் பால்ல இருந்ததால பல்லை வச்சுக் கட்டி விட்டிருக்காங்க, இன்னும் பாத்துட்டுத்தான் இருக்காங்க.

அதே சமயம் வீடியோ கால்ல டோக்கன் போட்டுக் காத்திருக்கவே கூடாத நிலைமையும் இருக்கு. தாடைக்கு அடியில வீங்கி கழுத்துக்கு எறங்குது, எச்சி முழுங்க முடியல, நாக்கு மேல தூக்குது, மூச்சு முட்டுது, இல்ல கண்ணு மூடுற அளவுக்கு வீக்கம், இதெல்லாம் இருந்தா நேரா 108 கூப்பிட்டு கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும். பல்லுல இருந்து வர்ற சீழ் கழுத்துக்கு எறங்கி வீங்கி மூச்சுக்குழாயை அடைச்சு உயிருக்கே ஆபத்து ஆகும்னு எங்க ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது, வெந்நி ஒத்தடம் குடுத்துட்டு உக்காந்திருக்காங்க, வெளிய சூடு வச்சா வீக்கம் கூட வாய்ப்பிருக்கு.

போன்ல, வீடியோவுல வைத்தியம் பாக்குற டெலிமெடிசினுக்கு மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது 2020 மார்ச் 25, லாக்டவுன் ஆரம்பிச்ச அதே நாள். டாக்டர் தன் பேரையும் தகுதியையும் சொல்லணும், சீட்டுல பதிவு நம்பர் இருக்கணும், அவசரம்னா நேர்ல அனுப்பணும், பதினாறு வயசோ அதுக்குக் கீழயோ இருக்குற பிள்ளைன்னா பெரியவங்க கூட இருக்கணும்னு எல்லாம் அதுல இருக்கு. ஆனா அது பொதுவா எம்பிபிஎஸ் டாக்டர்களை மனசுல வச்சு எழுதினது, பல்லுக்குன்னு தனியா எழுதினது இல்ல. அதுக்கு அடுத்த மாசமே வீட்டுல இருந்தே டாக்டரைப் பாக்குற அரசாங்கத்தோட இ-சஞ்சீவனி ஓபிடி வந்துச்சு, காசு கிடையாது, மொபைல் நம்பர் போட்டு ஓடிபி வந்தா டோக்கன் கிடைக்கும், டாக்டர் பாத்துட்டு சீட்டு போனுக்கே வரும். என் கடையில அதுல காட்டி மாத்திரை வாங்கினவங்க இருக்காங்க, நல்லாத்தான் இருக்கு. அதே மாதிரி பல்லுக்கும் வாரத்துல ரெண்டு நாளாச்சும் குறிச்ச நேரத்துல பல் டாக்டர் தமிழ்ல பேசுற மாதிரி ஏற்பாடு பண்ணி, அந்த நேரத்தை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்து வாசல்லயும் எழுதிப் போடணும்னு சுகாதாரத் துறைக்கு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இன்னொண்ணு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து தன்னார்வலர் அக்காமார் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க. அவங்களுக்கு ஒரு நாள் பயிற்சி குடுத்து, ஸ்பூன் காம்பும் டார்ச்சும் வச்சு வாய் போட்டோ எடுக்கச் சொல்லிக் குடுத்தா போதும். எங்க பக்கம் வெத்தலை, போயிலை போடாத பெரியவங்க கம்மி. வாயில புண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தாலோ, கன்னத்து உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருந்தாலோ அதை டாக்டர் பாத்தே ஆகணும். வலிக்காத புண்ணை யாரும் பஸ் ஏறிப் போய்க் காட்ட மாட்டாங்க, வீட்டுக்கு வர்ற அக்கா ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா பாக்குற டாக்டர் வரச் சொல்லிருவாரு. போன வாரம் பென்சன் பணம் எடுக்க வந்த ஒரு பாட்டிக்கு அப்படித்தான் நான் எடுத்து அனுப்பினேன், சதையை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு சொல்லிருக்காங்க, வர்ற செவ்வாய்க்கிழமை அவங்க மகன் கூட்டிட்டுப் போறாரு.

உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கம் வருதுல்ல, அதுல ஒரு கட்டம் கட்டி, பல்லுக்காக வீடியோ கால் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்து வச்சுக்கணும், டாக்டர்ட்ட எதை மறைக்கக்கூடாது, எப்ப கால் போடாம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு பெரிய எழுத்துல போடுங்கய்யா. நான் அதை லேமினேஷன் பண்ணி கடைச் செவுத்துல ஒட்டிக்கிறேன், கேக்குறவங்களுக்கு ஜெராக்ஸும் காசில்லாம போட்டுத் தர்றேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வருசநாடு, தேனி மாவட்டம்.