குளிர் மாதத்தில் மிளகாய் நாற்று ஏன் தாமதமாகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"போன தடவை முப்பத்தஞ்சு நாளில் மிளகாய் நாற்று கொடுத்தீங்க, இப்போ அம்பது நாள் ஆகும்னு சொல்றீங்களே?" என்று பலரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். விதையில் குறை இல்லை, குளிர்தான் காரணம்.

ஓசூர் பக்கம் மார்கழி, தை மாதங்களில் ராத்திரி வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. மிளகாய் விதை 25 டிகிரியில் 8, 9 நாளில் முளைக்கும். 20 டிகிரியில் 12, 13 நாள் கேட்கும். 15 டிகிரியிலேயே கிடந்தால் 25 நாள்கூட ஆகும். தக்காளி இவ்வளவு படுத்தாது. 25 டிகிரியில் 6 நாள், 15-இல் சுமார் 14 நாள். கோஸும் காலிஃபிளவரும் இந்தக் குளிரைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

விதை உணர்வது ட்ரேயில் உள்ள தென்னை நார்க்கழிவின் சூட்டைத்தான். ஈரம் ஆவியாக ஆக அது காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால்தான் விதை போட்ட ட்ரேக்களை அடுக்கி, பாலித்தீன் ஷீட்டால் மூடி, அறைக்குள் வைக்கிறோம். முளை தலைகாட்டியதும் பிரித்து வெளிச்சத்தில் பரப்பியாக வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும். அப்புறம் அந்த நாற்றைத் தேற்ற முடியாது.

பாலிஹவுஸை (நாற்று வளர்க்கும் பாலித்தீன் கூடாரம்) மூடிச் சூடேற்றி, யூரியாவைக் கூட்டி, சீக்கிரம் உயர்த்திக் காட்டலாம். நாங்கள் அதைச் செய்வதில்லை. அப்படி வளர்ந்த நாற்றில் உயரம்தான் இருக்கும், தண்டில் பலம் இருக்காது. கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையை விலக்கி, வெளிக்காற்றுக்குப் பழக்கிய பிறகே கொடுக்கிறோம்.

தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் நோய் என்று அவசரப்பட்டு மருந்து அடிக்காதீர்கள். குளிரில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சரியாக எடுப்பதில்லை, பெரும்பாலும் அதுதான் காரணம். மண் சூடேறினால் புது இலை பச்சையாகவே வரும்.

நட்ட பிறகு தண்ணீரை வெயில் ஏறியதும் விடுங்கள். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரமும் குளிரும் சேர்ந்து, இளம் நாற்று அடித்தண்டிலேயே அழுகும்.

தை மாதம் மிளகாய் நட நினைப்பவர்கள் வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்கூட்டியே ஆர்டர் சொல்லிவிடுங்கள். தேதியை மட்டும் நம்பி ஆள் பேசிவிட வேண்டாம். நாலைந்து நிஜ இலை (முதலில் வரும் விதையிலை கணக்கில் இல்லை) வந்து, இழுத்தால் வேரோடு நார் உதிராமல் வரும் பதத்தில் நாங்களே போன் செய்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நாற்றுப் பண்ணை, ஓசூர்