கார் வராத பாதையில் போகப்போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். மாமாங்கத்துப் பிள்ளையார் துணையால் நீயும் சுகமாக இருப்பாய். அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது, கவலைப்படாதே.

வருகிற மாதம் சிநேகிதர்களோடு ஜெர்மனியின் ஆஹன் நகரிலிருந்து லக்சம்பேர்க் வரைக்கும் சைக்கிளில் போகப்போகிறேன், முழுக்கக் காடு, ஒரு கார் வராது என்று சொன்னாய். அன்றைக்கு நான் "சரி, பார்த்துப் போ" என்றதோடு விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாதையைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். ஃபோனில் சொன்னால் நீ ஓம் ஓம் என்று அவசரப்படுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

அந்த ஃபென்பான் பாதை 1880களில் பிரஷ்ய அரசு போட்ட ரயில் பாதை. ஆஹன் பக்கத்து நிலக்கரிக்கும் லக்சம்பேர்க் பக்கத்து இரும்புக்கும் வழி வேண்டும் என்று காட்டையும் சதுப்பு நிலத்தையும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ரயில் ஓடாமல் போன பிறகு தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, அதே மேட்டில் தார் போட்டு 125 கிலோமீற்றர் சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றம் ஏற முடியாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி, நூறு மீற்றருக்கு இரண்டு மீற்றர் அளவில்தான் ஏற விட்டிருக்கிறார்கள். நீ மூச்சு வாங்காமல் போவது, அன்றைக்கு அந்த மண்ணை வெட்டிச் சுமந்த கூலியாட்களின் புண்ணியம். அதை மறந்துவிடாதே.

முதல் உலகப் போர் முடிந்து வெர்சாய் ஒப்பந்தத்தில் ஒய்ப்பன், மால்மெடிப் பகுதிகளைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்தபோது, இந்த ரயில் பாதையையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் ஜெர்மன் ஊர்களுக்கு நடுவே போகும் இடத்திலும் உன் சில்லுக்குக் கீழே இருப்பது பெல்ஜியம்தான். 1940இல் ஹிட்லர் வந்து அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்தான். அங்கத்துப் பையன்களைத் தன் பட்டாளத்துக்கும் இழுத்துக்கொண்டான். போர் முடிய மறுபடியும் பெல்ஜியம். ஒருவர் வீட்டை விட்டு அசையாமலே இத்தனை நாடு மாறியிருக்கிறார் மகன். இதை வாசித்தபோது எனக்குப் போர்க் காலத்தில் எங்கள் மட்டக்களப்பு வவுணதீவுச் சனம் இருந்த நிலைதான் ஞாபகம் வந்தது. வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்சி, அந்தப் பக்கம் ஒரு ஆட்சி. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நான் எங்கே வேலைக்குப் போனேன் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். மிட்வைஃப் வேலைக்கு லுமாலா சைக்கிளில்தான் போனேன். கெரியரில் தடுப்பூசிப் பெட்டி, முன்கூடையில் பிள்ளைகளை நிறுக்கிற தராசு. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுச் சோதனைச் சென்றியில் இறங்க வேண்டும். சில நாள் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறுதலாக ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஐஸ் கரைந்தால் மருந்து பழுதாகிவிடும் என்று எனக்குள் பதறும், ஆனால் குரலை உயர்த்த ஏலாது. அது முடிய ஆயித்தியமலைக்கு, சில கிழமை உன்னிச்சை வரைக்கும். அந்த ஊர்களில் மாமரக் கொப்பில் தராசைக் கட்டி, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நிறுப்பேன். வரிசையில் நிற்கிற தாய்மாருக்கு அன்றைக்குத்தான் ஊர்ப் புதினம் கிடைக்கும்.

அந்த வீதியிலும் கார் இல்லை, லொறி இல்லை. பெட்ரோலை அந்தப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள், விட்டாலும் வாங்கக் காசில்லை. கிரவல் வீதி, இரண்டு பக்கமும் காடு, சில்லுக்குக் கீழே கல் நெரிபடுகிற சத்தம் மட்டும். நீ "ஒரு கார் வராது" என்றபோது எனக்குச் சந்தோஷம் உடனே வராததற்குக் காரணம் இதுதான். எனக்குத் தெரிந்த அமைதியான வீதி பயத்தால் அமைதியான வீதி. நீ போகிற பாதையின் அமைதியை மூன்று நாட்டு ஆட்கள் கூடிப் பேசி, தீர்மானம் எடுத்து, காசு ஒதுக்கி உண்டாக்கியிருக்கிறார்கள். அங்கே பெடல் மிதிக்கும்போது அந்த வித்தியாசத்தை ஒரு தடவையாவது நினைத்துப் பார்.

உன்னிச்சைக்குக் கிட்ட ஒரு பாலை மரம் இருந்தது. பழக் காலத்தில் அதன் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு இளைப்பாறுவேன். ஒருநாள் மரத்தில் கை வைத்தபோது ஏதோ கூராகத் தட்டியது. பார்த்தால் ஷெல் துண்டு. பெருவிரல் அகலம் இருக்கும், கறுத்துத் துருவேறிய இரும்பு. மரம் அதைச் சுற்றிப் பட்டையை வளர்த்து, உதடு மடிந்த மாதிரி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு வந்தது. நுனி மட்டும் வெளியே. அடுத்த பழக் காலத்தில் அந்த நுனியும் தெரியவில்லை. கையால் தடவினால் ஒரு புடைப்பு இருக்கும், அவ்வளவுதான். அந்த இரும்பு விழுந்த நாளில் மரத்தின் கீழே யாராவது இருந்தார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

உன் பாதையின் கிழக்குப் பக்கம் ஹூர்ட்கன் காடு இருக்கிறது. 1944 செப்டம்பரிலிருந்து 1945 பெப்ரவரி வரைக்கும் அமெரிக்கப் படையும் ஜெர்மன் படையும் அங்கே அடிபட்டார்கள். ஷெல் மர உச்சியில் பட்டு வெடித்து, இரும்பும் மரச் சிராயும் சேர்ந்து மேலிருந்து கொட்டுமாம். குப்புறப் படுத்தவனுக்கும் தப்ப வழியில்லை. போர் முடிந்து நெடுங்காலம் மர ஆலைகளில் வாள் அந்த இரும்பில் பட்டு உடைந்ததாம். கண்ணிவெடியில் செத்தவர்களும் உண்டு. எங்கள் மாவட்டத்தைக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் என்று அறிவித்தது 2017இல்தான். அதுவரைக்கும் விறகுக்குப் போனால் மாடு நடந்த தடத்தில்தான் கால் வைத்தோம்.

பாதையில் ரோட்கன் ஊருக்குக் கிட்டப் போகும்போது, புல்லுக்குள் வரிசையாகக் கொங்கிறீற் கூம்புகள் நிற்கும். டாங்கி வராமல் தடுக்க ஹிட்லர் காலத்தில் கட்டியவை. பாசி பிடித்து இப்போது அழகாகத்தான் இருக்கும். ஃபோட்டோ எடு, அதில் ஏறி நின்று மட்டும் எடுக்காதே.

சாங்க்ட் ஃபீத் ஊரில் இரவு தங்கு. 1944 டிசம்பர் 16ஆம் திகதி ஜெர்மன்காரர் ஆர்டென் காட்டு வழியாகக் கடைசிப் பெரிய தாக்குதலைத் தொடங்கினார்கள். அந்தக் கிழமைக்குள்ளேயே இந்த ஊர் அவர்கள் கைக்குப் போய்விட்டது. வீதிகள் சந்திக்கும் ஊர் என்பதால் நத்தாரன்றும் மறுநாளும் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு ஊரையே தரைமட்டமாக்கின. பழைய ஊரில் மிஞ்சியதென்று சொல்ல ஒரு கோபுரம் இருக்கிறது. விடுவிக்க வந்தவன் போட்ட குண்டு என்பதால் அடியில் அகப்பட்ட தாய்க்கு அது வேறு மாதிரி வலித்திருக்காது. நான் இரண்டு பக்கத்து ஷெல்லையும் கேட்டவள், அதனால் சொல்கிறேன்.

வெய்ம் ஊரிலிருந்து மால்மெடிக்கு ஒரு கிளைப் பாதை பிரிகிறது. அங்கே போய், போனியே சந்திக்குக் கட்டாயம் போ. அங்கே அதே 1944 டிசம்பர் 17ஆம் திகதி, சரணடைந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 84 பேரை ஜெர்மன் படைக்காரர் சுட்டுக் கொன்றார்கள். அங்கே இருக்கும் நினைவுச் சுவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்புக் கல், ஒவ்வொரு கல்லிலும் பெயர். சிநேகிதர் அவசரப்படுத்தினாலும் சைக்கிளை விட்டு இறங்கி எல்லாப் பெயரையும் வாசி. கொக்கட்டிச்சோலைப் படுகொலைகளில் 1987இலும் 1991இலும் செத்தவர்களை நாங்களும் வருடா வருடம் மகிழடித்தீவில் நினைக்கிறோம். ஆனால் காட்டுப்பக்கத்துச் சின்ன ஊர்களில், பத்து வீடு பன்னிரண்டு வீடு என்று இருந்த இடங்களில், யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று ஒரு பலகைகூட இல்லை. நான் தராசில் நிறுத்த சில பிள்ளைகளின் பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. அவர்களுக்கு ரயில் மேடு இருந்தது மாதிரி எங்களுக்கு வாய்க்கால் கட்டு இருக்கிறது! உன்னிச்சைக் குளத்துத் துருசிலிருந்து, அதாவது மதகிலிருந்து, வயலுக்குத் தண்ணீர் தானாக ஓட வேண்டும், அதனால் வாய்க்காலும் மெல்லிய சரிவில்தான் போகிறது. கட்டின் மேலே ஆள் போகிற தடம் ஏற்கெனவே உண்டு. பெரிய வீதியெல்லாம் இப்போது தார்க் காபெட் போட்டு, மணல் டிப்பர் பறக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். குளக்கட்டு, வாய்க்கால் கட்டு வழியாக ஒரு சைக்கிள் பாதை இருந்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் தயிரும் இளநீரும் விற்கலாம், காலியான ஊர்களின் பெயரையும் எழுதி வைக்கலாம். யானை வரும்தான். காலையும் பின்னேரமும் எந்த நேரத்தில் எங்கே கடக்கும் என்று வயல்காரருக்குத் தெரியும், அவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே நீ எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். பாதை எத்தனை அடி அகலம், இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் இடம் காணுமா, பெரிய வீதியைக் கடக்கும் இடத்தில் நிற்க வேண்டியது காரா சைக்கிளா, மோட்டார் சைக்கிள் நுழையாமல் வாசலில் என்ன நட்டு வைத்திருக்கிறார்கள், பெயர்ப்பலகை எத்தனை உயரத்தில், எத்தனை மொழியில், விழுந்த இலையை யார் கூட்டுகிறார்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பு. பிரதேச சபையில் கதைக்க அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சொல்லிப் புரியவைப்பதைவிடப் படத்தைக் காட்டுவது சுகம்.

ஹெல்மெட் போடு. டியூப் ஒன்றும் பம்பும் கையோடு வைத்திரு. சாங்க்ட் ஃபீத்தில் தங்கும் இரவு எனக்கு ஃபோன் எடு, நேரம் பிந்தினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அம்மா