எந்தக் கட்டத்தில் தப்பு என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவது பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘விண்ணப்பதாரர்கள் விவரங்களைச் சரியாகப் பூர்த்தி செய்யவில்லை’ என்ற வரி தவறாமல் இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, நாள் முழுக்க ஜனங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் என்ற முறையில் அந்த வரிக்குப் பதில் எழுதுகிறேன். இதற்கு முன் மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தவன். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும்.

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா, மகளின் உதவித்தொகைக்காக வந்தார். வீட்டில் செல்போனிலேயே பாதி நிரப்பி சேமித்து வைத்திருந்தார்கள். மீதியை முடித்து ‘சப்மிட்’ கொடுத்தால், சிவப்பில் ‘இன்வேலிட் இன்புட்’. அவ்வளவுதான். இரண்டு பக்க விண்ணப்பத்தில் எது இன்வேலிட்? “பொண்ணு பேர்ல ஏதாச்சும் தப்பா தம்பி?” என்று அக்கா பதறிவிட்டார். பேரில் இல்லை, வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில். அதில் மொத்தம் 11 இடம். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்து, ஐந்தாவது பூஜ்யம், மீதி ஆறும் கிளைக்கு. பாஸ்புக்கில் மங்கலாக இருந்த பூஜ்யத்தை ‘ஓ’ என்று அடித்திருக்கிறார்கள். ஐந்தாவது இடத்தில் பூஜ்யம்தான் வரும் என்று தளத்துக்குத் தெரியும். தெரிந்ததால்தானே தள்ளியது? அதை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ‘ஐஎஃப்எஸ்சி ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வர வேண்டும், ஓ அல்ல’ என்று ஒரு வரி போதும். அந்தக் கோபம் ஆறுவதற்குள் பக்கம் காலாவதியாகி, ஏற்றிய போட்டோவும் போயிற்று.

அடுத்தது கதவு எண். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. 27/12 என்று சேர்த்து எழுதுவதுதான் வழக்கம், பலருக்கு ஆதாரிலும் அப்படியேதான் இருக்கிறது. சில தளங்களில் அந்தச் சாய்கோடு ஆகாது. எழுத்துக்குப் பதில் கட்டளையை நுழைத்து யாராவது தரவுத்தளத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்து, குறியீடுகளையெல்லாம் மொத்தமாகத் தடை செய்துவிடுகிறார்கள். பயம் நியாயம்தான், மருந்துதான் தப்பு. கட்டளையைத் தனியாகவும் ஜனங்கள் கொடுத்த மதிப்பைத் தனியாகவும் தரவுத்தளத்துக்கு அனுப்பும் முறை எத்தனையோ வருடமாக இருக்கிறது. அதைச் செய்தால் சாய்கோடு பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும்.

தமிழில் பெயர் கேட்கும் கட்டம் இன்னும் வேடிக்கை. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் நம் துணைக்கால், கொம்பு, மேல்புள்ளி எதுவும் ‘எழுத்து’ வகையில் சேராது, ‘குறி’ என்று தனி வகை. எழுத்து மட்டும் அனுமதி என்று நிரலில் எழுதினால் ‘சரவண’ வரை போகும், ‘சரவணன்’ என்றால் கடைசிப் புள்ளியில் மாட்டும். (இனிஷியல் கதையை நான் தொடவே இல்லை. ‘கடைசிப் பெயர் குறைந்தது மூன்று எழுத்து’ என்று கேட்கும் தளத்துக்காக ஒரே இனிஷியலை மூன்று தடவை அடித்தவர்கள் எல்லாம் எங்கள் பேட்டையில் உண்டு.)

இதெல்லாம் தள்ளிவிடும் தளங்கள். எனக்கு அதிக பயம், எதையும் தள்ளாமல் வாங்கிக்கொள்ளும் தளங்கள் மீதுதான். வங்கிக் கணக்கு எண் பார்க்க எண் மாதிரி இருக்கும், ஆனால் எண் இல்லை. இரண்டு கணக்கு எண்களை யாரும் கூட்டப் போவதில்லையே. அதை ‘எண்’ வகையாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அப்புறம், இணையப் பக்கங்களை இயக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேல் முழு எண்கள் துல்லியமாக நிற்காது. 9007199254740993 என்று அடித்தால் கடைசி 3, 2 ஆகிவிடும். 16, 17 இலக்கக் கணக்கு எண் வைத்திருப்பவர் கதி என்ன? திரையில் பச்சை டிக் வரும், பணம் வராது. கேட்டால், நீங்கள்தான் தப்பாகக் கொடுத்தீர்கள் என்பார்கள்.

உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, சர்வர் அனுப்பும் பதிலைப் பார்ப்பது என் பழைய தொழில் பழக்கம். வலைச் சேவைகளுக்கு இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஒவ்வொரு பதிலோடும் ஒரு மூன்று இலக்கக் குறியீடு வரும். 400 என்றால் அனுப்பியவர் பக்கம் கோளாறு. 422 என்றால் அமைப்பு சரி, உள்ளே இருக்கும் விவரத்தை ஏற்க முடியவில்லை. 500 என்றால் சர்வர் பக்கமே கோளாறு. வயது கட்டத்தில் ‘முப்பது’ என்று எழுத்தில் அடித்தால் 400 அல்லது 422 வர வேண்டும், பல இடங்களில் வருவது 500. வந்தது எண்தானா என்று பார்க்காமலே நிரல் அதைக் கணக்குப் போடப் போய் விழுந்திருக்கிறது. அதற்கு ‘சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று வேறு போடுகிறார்கள். நாளைக்கு வந்தாலும் அதே ‘முப்பது’தானே? சிலர் 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்று அனுப்பிவிட்டு, பிழையை உள்ளே ஒளித்து வைக்கிறார்கள். செல்போன் செயலி 200-ஐ நம்பி ‘வெற்றி’ என்று காட்டிவிடும்.

பிழையை எந்த வடிவில் சொல்வது என்பதற்கே 2016-இல் ஆர்எஃப்சி 7807 என்று ஓர் இணையத் தரநிலை ஆவணம் வந்தது. 2023-இல் அதைப் புதுப்பித்து 9457 வந்திருக்கிறது. பிழையின் வகை, தலைப்பு, விளக்கம் என்று இடம் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

டெண்டர் விடுகிறவர்களிடம்தான் என் கோரிக்கை. தளத்தை ஒப்புக்கொண்டு பில் பாஸ் செய்யும் முன், வேண்டுமென்றே தப்பாக நிரப்பிப் பாருங்கள். ஐஎஃப்எஸ்சி-யில் ‘ஓ’ போடுங்கள், பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண் கொடுங்கள், வயதை எழுத்தில் அடியுங்கள். எந்தக் கட்டம், என்ன வேண்டும் என்று தமிழில் சொல்கிறதா, நிரப்பியதையெல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாதிரி விண்ணப்பங்கள் வேண்டுமானால் எங்கள் கடையில் கட்டுக் கட்டாக இருக்கின்றன, பெயரை மறைத்துத் தருகிறேன். ஞாயிறு மட்டும் விடுமுறை.

— ஜெராக்ஸ் கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை–21